யன்னலோரக் கட்டில்

இத்தாலியின் பலெர்மோ நகரத்து லிபெர்த்தா பகுதியில் வேலை செய்யும் வீட்டுக்குள் நுழைந்தால், செருப்பைக் கழற்றுமுன்னே அகஸ்ரீனா யன்னலடிக்குப் போவாள். கொழுக்கியை எடுத்து, கண்ணாடிக் கதவை ஒரு விரல் நுழையுமளவு தள்ளி, மடித்த துணியொன்றை இடுக்கில் செருகுவாள். காற்றுப் பட்டால் கழுத்துப் பிடிக்குமென்று முணுமுணுத்தபடி வீட்டுக்கார அம்மாவான சிஞ்ஞோறா பின்னாலேயே வந்து சாத்துவார். அவர் அப்பால் போனதும் இவள் மறுபடி திறப்பாள். பல வருசமாக இருவரும் விட்டுக்கொடுத்ததில்லை.

மன்னாரில் அவள் சிறுமியாக இருந்தபோது, அவர்கள் தஞ்சமிருந்த கோயிலுக்கு வெளியேதான் ஷெல் விழுந்தது. உள்ளே தெறித்தவை சாத்தியிருந்த யன்னல்களின் கண்ணாடிகள். தங்கச்சியின் கன்னத்திலிருந்து கண்ணாடித் துண்டுகளை எடுத்தவள் அகஸ்ரீனாதான். திறந்துகிடந்த ஒரேயொரு யன்னல் முழுசாக நின்றதையும் அன்றே பார்த்து வைத்தாள்.

மகன் ஜெனோஜனுக்கு இப்போது நடுச்சமுத்திரத்துத் தீவொன்றில், வெளிநாட்டுப் படைத்தளத்தில், மின்சார வேலை. "அங்கை ஒருத்தற்றை கையும் எட்டாதம்மா" என்று சொல்லித்தான் வெளிக்கிட்டான். அந்தத் தளத்தைக் குறிவைத்து வெகுதூரத்திலிருந்து ஏவிய ஏவுகணை அருகே கடலில் விழுந்ததாம் என்று ஒரு மத்தியானம் சமையலறைத் தொலைக்காட்சி சொன்னது. கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு அவள் வீடியோவில் மகனைக் கூப்பிட்டாள்.

"வெளிக்கிட்டு வா."

"ஏலாதம்மா. மாத்து ஆள் வராமல் விடமாட்டினம். நானும் விட்டிட்டு வரமாட்டன். இஞ்சத்தை ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் குடுக்கிறதே நாங்கள்தான்."



"சரி. யன்னலைத் திற."

"எந்த யன்னலை? ஏசி அறை. ஆணி அடிச்ச மாதிரிக் கிடக்கு."

"அப்ப கட்டிலைக் கண்ணாடியடியிலை இருந்து இழு."

"அது கடலுக்கை விழுந்ததம்மா. மீன்தான் பயப்பிடோணும்."

"மீனை நான் பெறேல்லை. இழு, நான் பாக்கோணும்."

"வேலைக்கு நேரம் போகுது..."

"இழுத்துப்போட்டுப் போ. அதுவரைக்கும் ஃபோனை வைக்கமாட்டன்."

ஜெனோஜன் ஃபோனை எதிலோ சாய்த்து வைத்தான். இரும்புக் கால்கள் தரையில் கிறீச்சிட, யன்னலோரம் கிடந்த கட்டில் நகர்ந்து வந்தது.

"இன்னும்."

"முட்டப்போகுதம்மா!"

"இன்னும் கொஞ்சம். செருப்பைக் கட்டிலடியிலை வை. கண்ணாடி கொட்டினா வெறுங்காலோடை ஓடேலாது."

"ஓம், கொமாந்தாந்தே!" தளபதிக்கு அடிப்பதுபோல் நெற்றியில் கைவைத்து சலூட் அடித்தான்.

அகஸ்ரீனா கத்தியை எடுத்தாள். சத்தம் கேட்டு வந்த சிஞ்ஞோறா வழக்கம்போல் யன்னலைச் சாத்தினார். அன்று அவள் அவர் அப்பால் போகும்வரை காத்திருக்கவில்லை. கண்முன்னாலேயே திறந்தாள்.

ஒப்பந்தம் முடிந்து வந்த ஜெனோஜன், பலெர்மோவின் கபோ சந்தையில் அம்மாவோடு மீன் தெரிவுசெய்துகொண்டிருக்கும்போது சொல்லித்தான் மிச்சம் தெரியவந்தது. அன்று அவன் இழுத்தது அறையில் கூட இருந்த மொரிசியஸ் பெடியனுடைய கட்டில். தன்னுடையதைப் போன முதல் நாளே உட்சுவரோடு தள்ளிப் போட்டிருந்தான். யன்னலடியில் ஜெனோஜனுக்கு நித்திரை வராது, ஏனென்று யோசித்ததுமில்லை. அன்று ஃபோனைச் சாய்த்து வைத்தது தன்னுடைய அந்தக் கட்டிலில்தான்.