குழந்தைப் பட்டையில் ஒரு ரிவால்வர்

காட்டுப்பன்றி வேட்டைக்கு வருகிறாயா என்று என் ஆபீஸ் தோழி கேட்டதும், என்ன ஏது என்று கேட்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். மகள் பிறந்து மூன்று வருஷமாக என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. காலையில் டேகேர், அப்புறம் ஆபீஸ், சாயங்காலம் மறுபடி டேகேர், வீட்டுக்கு வந்தால் குக்கர். டெக்ஸாஸில் ஆலன் என்கிற ஊரில், எங்கள் அபார்ட்மெண்ட் ஜன்னலில் ஃப்ரீவே தெரியும். ஊரே எங்கேயோ போய்க்கொண்டிருக்கும், நான் மட்டும் துணி மடித்துக்கொண்டிருப்பேன். கிரீன் கார்டு வந்தபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரவில்லை, சத்தியமாக.

தோழி பச்சை டெக்ஸாஸ்காரி. சாஃப்ட்வேர் டெஸ்டிங் டீமில் எனக்கு எதிர் சீட். அவள் குடும்பத்துக்குத் தெற்கே பெரிய பண்ணை. பன்றிகள் கூட்டமாக வந்து நிலத்தைக் கிளறிப் பாழாக்கும். நவம்பரில் அவளும் அண்ணனும் மூட்டையைச் சுமந்துகொண்டு உள்ளே நடந்துபோய், மூன்று நாள் கூடாரத்தில் தங்கிச் சுடுவார்கள். அதில் என்னையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அதற்கு முன்னால் அவளோடு ஒரு நாள் நடந்து காட்ட வேண்டும். "அன்னைக்கு நீ சொதப்புனா நவம்பர் கிடையாது" என்பதை அவள் பாஷையில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சும்மா சொல்கிற ஆள் இல்லை அவள்.

"ஏனுங்க, நான் வேட்டைக்குப் போறேன்" என்றேன் வீட்டில்.

கணவர் டிவியை ம்யூட் பண்ணினார். "என்ன வேட்டை?"

"பன்னி வேட்டைங்க."

"பன்னி முட்டுனா நம்ம இன்சூரன்ஸ் கவர் பண்ணாது, தெரியுமில்ல?"

"நான் முட்டுனா கவர் பண்ணுமா?"

மனிதர் மறுபடி டிவிக்குத் திரும்பிவிட்டார். பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பல சனிக்கிழமைகள் பண்ணைக்குப் போய், வேலி மேல் வைத்த பீர் டின்களைச் சுட்டுப் பழகினேன். அவளுடைய பழைய ரிவால்வர்தான். முதல் நாள் தோள்பட்டையே அதிர்ந்தது. அப்புறம் அப்புறம் டின்கள் ஒவ்வொன்றாகப் பறந்தன. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! கோடு கோடாகப் பிழை தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு, அடித்தால் உடனே விழுகிற ஒரு பொருள்!

சிக்கல் வந்தது சுடுவதில் இல்லை, சுமப்பதில். அவரவர் மூட்டை அவரவர் முதுகில், அவரவர் துப்பாக்கி அவரவர் உடம்பில் என்பது அவர்கள் சட்டம். துப்பாக்கியைப் பைக்குள் போட்டால், பன்றியைப் பார்த்த பிறகு ஜிப்பைத் தேட வேண்டும். இடுப்பில் மாட்டலாம் என்றால், முதுகுப்பையின் பாரத்தைத் தாங்குகிற அகலமான பெல்ட் சரியாக அதே இடுப்பில்தான் உட்காருகிறது. உறை அந்த பெல்ட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு எலும்பை நசுக்கியது. தொடையில் கட்டினால் எட்டு வைக்கும்போதெல்லாம் இடித்தது. அக்குளில் தொங்கவிட்டால் பையின் தோள்வாரோடு சண்டை. நாலு நாளில் என் இடுப்பு முழுக்க நீலம் பாரித்துவிட்டது.

ரிவால்வரை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. குழந்தை இருக்கிற வீடு, ஆகாது. உறையை மட்டும் வாங்கி வந்து, அதற்குள் இஞ்சி தட்டுகிற கல் குழவியைச் செருகிக்கொண்டேன். கனம் ஏறக்குறைய ஒன்றுதான். முதுகுப்பையில் ஒரு சோனா மசூரி அரிசி மூட்டை, பாதி வெளியே தெரிய. இந்தக் கோலத்தில் பார்க்கைச் சுற்றி நடப்பேன். பக்கத்து பில்டிங் ஆன்ட்டி ஒருத்தி வழிமறித்து, "என்னம்மா, கார் ரிப்பேரா? அரிசிய நடந்து தூக்கிட்டுப் போற?" என்று கேட்டாள். ஆமாம் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

அலமாரியில் மகளுடைய பழைய பட்டை கண்ணில் பட்டது அந்த வாரம்தான். கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்து மாட்டிக்கொள்கிற துணிப்பட்டை. அவள் பிறந்த ஒரு வருஷம் நான் அதைக் கழற்றியதே இல்லை எனலாம். சமைக்கும்போது, பெருக்கும்போது, இந்தியா கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது, எப்போதும் அவள் அதில்தான் தூங்குவாள். எடுத்து மாட்டிப் பார்த்தேன். நெஞ்சு காலியாகத்தான் இருந்தது. முதுகுப்பையின் தோள்வாரும் தொந்தரவில்லை, இடுப்பு பெல்ட்டும் தொந்தரவில்லை. அட! மூளையைக் கசக்கியதெல்லாம் வீண், விடை நம் வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கிறது!

உறையை அந்தத் துணியின் மேல் குறுக்காக வைத்து, ஊசி உடைய உடையத் தைத்தேன். முதுகுப் பக்கத்து பிளாஸ்டிக் கொக்கி பைக்கு அடியில் குத்தியது. அதை வெட்டி எறிந்துவிட்டு, பாவாடை நாடாவைக் கோத்து, விலா ஓரத்தில் சுருக்கு முடிச்சு போட்டேன். கட்டிக்கொண்டு ஹாலில் குதித்தேன். குழவி அசையவில்லை. மாடிப்படியில் ஓடி ஏறி இறங்கினேன். ம்ஹூம், ஒன்றுமே மாட்டாத மாதிரி இருந்தது.

"பாவாடை நாடாவுல துப்பாக்கி கட்டுன மொத ஆளு நீதான்" என்றார் கணவர். கிண்டல்தான், ஆனால் முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்துச் சரி பண்ணிக் கொடுத்தது அவர்தான்.

அந்த நாள் வந்தது. பண்ணையில் டெக்ஸாஸ்காரி என் நெஞ்சைப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தானே இழுத்துப் பார்த்தாள், உருவிப் பார்த்தாள், மறுபடி செருகினாள். சிரிப்பு நின்றது. தனக்கும் ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நடந்தோம். காய்ந்த புல், கருவேலம் மாதிரி முள், அங்கங்கே கள்ளி. எங்கள் தாராபுரம் பக்கத்துக் காட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அவள் ரைபிளோடு பின்னால், நான் முன்னால். என் பையில் தண்ணீர், போர்வை, எவர்சில்வர் டப்பாவில் புளிசாதம். மேடு ஏறும்போதும், ஓடையைத் தாண்டும்போதும் துப்பாக்கி என்ற ஒன்று என்மேல் இருக்கிற நினைப்பே இல்லை. அவ்வளவு சுகம். நவம்பர் எனக்குத்தான் என்று மனசுக்குள் குதித்துக்கொண்டே நடந்தேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் புதர் சடசடவென்றது. கருப்பாக, நினைத்ததைவிடப் பெரிதாக, தலையைத் தாழ்த்திக்கொண்டு நேரே என்னைப் பார்த்து வந்தது பன்றி.

எத்தனை சனிக்கிழமை பழகியிருக்கிறேன்! கை உறைக்குப் போக வேண்டும், உருவ வேண்டும், நீட்ட வேண்டும். கை போனது. இரண்டு கையும் போயின. போய், துப்பாக்கியை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டன. பன்றிக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். குனிந்தேன். துப்பாக்கியின் மேல் என் உடம்பு முழுவதையும் கவிழ்த்துக்கொண்டேன். "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல, அம்மா இருக்கேன்" என்று சத்தமாகவே சொன்னேன்.

பன்றி பையில் மோதியது. முழங்காலில் விழுந்தேன். டப்பா நசுங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் அது தன் பாட்டுக்கு முட்புதருக்குள் ஓடிப்போய்விட்டது.

டெக்ஸாஸ்காரி ஓடி வந்து என்னைத் தூக்கினாள். முகம் வெளுத்திருந்தது. நான் நடுவில் இருந்ததால் தன்னால் சுட முடியவில்லை என்றாள். துப்பாக்கியைப் பார்த்துக் குனிந்து என்ன சொன்னாய் என்று கேட்டாள். மறைத்துப் பயனில்லை, சொன்னேன். ஒன்றுமில்லை கண்ணே, அம்மா இருக்கிறேன் என்று சொன்னேன்.

அவள் ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு, உட்காரச் சொல்லி ஒரு பாறையைக் காட்டினாள். போச்சு, நவம்பர் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. எவ்வளவு ஆசையாக இருந்தேன்! பாறையில் உட்கார்ந்து, நசுங்கிய டப்பாவைத் திறந்து, இருவரும் புளிசாதம் சாப்பிட்டோம். காரமென்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: பன்றியைப் பார்த்து ஓடினவர்களைப் பார்த்திருக்கிறாளாம், உறைந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறாளாம். பன்றியிடமிருந்து துப்பாக்கியைக் காப்பாற்றிய ஆளை இப்போதுதான் பார்க்கிறாளாம். "கை நடுங்கல உனக்கு. கைக்கு வேற வேலை தெரியும், அவ்வளவுதான். வேற துணியில தைச்சு, புதுசாப் பழகிட்டு நவம்பருக்கு வா." இதுதான் அவள் சொன்னதன் சாரம். நான் அவளைக் கட்டிக்கொண்டதில் அவள் கையிலிருந்த சாதம் கொட்டியது.

சாயங்காலம் வீடு வந்தேன். ரிவால்வர் பண்ணையிலேயே பூட்டில் இருந்தது.

"பன்னி வந்துச்சா? கை துப்பாக்கிக்குப் போச்சா?" என்று வாசலிலேயே கேட்டார் கணவர்.

"ரெண்டு கையும் போச்சுங்க" என்றேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உறையின் தையலைப் பிரிக்கக் கத்தரிக்கோல் எடுத்து வந்து கொடுத்தார்.

கடைசி நூலை வெட்டியபோது மகள் வந்து நின்றாள். பட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"தட்ஸ் மைன், அம்மா."

"உன்னுதுதான் சாமி. ஆனா நீ பெரிய புள்ளையாயிட்டயே."

"நோ. ஐ ஃபிட்."

பட்டையை மாட்டிக்கொண்டு, அவளை உள்ளே விட்டுத் தூக்கினேன். கால் என் முழங்காலை இடித்தது. நாடா இறுகியது, தோள் கடுத்தது. நாள் முழுக்க ரிவால்வரைச் சுமந்து வலிக்காத தோள், இவளைத் தூக்கிய ஒரு நிமிஷத்தில் வலித்தது. இறக்கிவிடத் தோன்றவில்லை. அப்படியே அடுப்படிக்குப் போய் குக்கரை ஏற்றினேன்.