பாவுக் கஞ்சியும் என் சுருட்டை முடியும்

போன வாரம் எங்கள் கடைக்கு ஒரு புதுப் பெட்டி வந்தது. திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் வளையல், பொட்டு, ஷாம்பு விற்கிற சின்ன ஃபேன்சி ஸ்டோர் அது. இருபது வருஷமாக அங்கேதான் நிற்கிறேன். பெட்டியைப் பிரித்தால், உள்ளே எல்லாம் சுருட்டை முடிக்கென்றே செய்த கிரீம் டப்பாக்கள்! எனக்குக் கை பரபரத்தது. நேர்முடிக்காரர்களுக்கு எத்தனையோ அடுக்கியிருக்கிறேன். எங்கள் ஜாதி முடிக்கென்று தனியாக ஒன்று வந்தது இதுதான் முதல் தடவை.

முதலாளி டீ குடிக்கப் போன நேரத்தில் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். ஆளி விதை, விளக்கெண்ணெய், வெந்தயம். அதற்குக் கீழே, அரிசிக் கஞ்சித் தண்ணீர். தனியாக நின்று சிரித்துவிட்டேன். மாதிரிக்கு வந்த டப்பாவைத் திறந்து மோந்தும் பார்த்தேன். ஏதோ பூ வாசனையைப் போட்டு மறைத்திருந்தார்கள். எனக்கு என்னவோ நாங்கள் குடியிருந்த நெசவாளர் தெருவின் காலை வாசனைதான் வந்தது.

என் முடியைப் பற்றிச் சொல்லவில்லையே. பேனாவுக்குள் இருக்குமே ஒரு ஸ்பிரிங், ஒவ்வொரு முடியும் அப்படி. இழுத்தால் இடுப்பைத் தொடும், விட்டால் காதோரம் போய் உட்கார்ந்துகொள்ளும். மழை வந்தால் தலை இரண்டு பங்காகிவிடும். பள்ளிக்கூடத்தில், பின்னால் இருப்பவர்களுக்குப் போர்டு தெரியவில்லை என்று டீச்சர் என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். கூச்ச சுபாவம் உள்ள எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. பாடம் ஏறாததற்கும் ஒரு சாக்கு கிடைத்தது.

அம்மாவுக்குத்தான் இந்த முடி ஒரு கவலை. மொட்டை போட்டால் நேராக முளைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மற்ற ஊர்க்காரர்களாவது பஸ் பிடித்து வரவேண்டும், எங்களுக்கு முருகன் மலை வீட்டு வாசலிலேயே இருந்தது. ஏழு வயதுக்குள் எனக்கு மூன்று மொட்டை ஆயிற்று. முருகனுக்கு நான் கொடுத்த முடியில் ஒரு கம்பளி நெய்திருக்கலாம். ஒவ்வொரு தடவையும் முதலில் நேராகத்தான் தெரியும், அம்மாவும் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவாள். ஒரு விரற்கடை வளர்ந்ததும் பழையபடி சுருண்டுகொள்ளும்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, ஆடிக் கிருத்திகைக்கு எட்டு நாள் இருக்கையில் அம்மா அப்பாவிடம் மறுபடி ஆரம்பித்தாள். “வயசுக்கு வந்துட்டா அப்புறம் மொட்டை போட முடியாதுங்க. இதான் கடைசி தடவ.”

பன்னிரண்டு வயதுப் பெண், மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம். தறிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். தறியில் நெய்துகொண்டிருந்த நைனா, ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

“பாவுல சிக்கு விழுந்தா நூலையா அறுத்துப் போடறோம்? கிருத்திகை வரைக்கும் உடு. நான் பிரிச்சுக் காட்றேன்.”

அவள் தலையில் தறி போடப்போகிறீர்களா என்று அம்மா சிரித்தாள். கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார் மனுஷர். காலையில் தெருவில் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு நூலை, நீட்டிக் கட்டிக் கஞ்சி பூசுவார்கள். நூலுக்கு விறைப்பு வரவேண்டும் அல்லவா, அதற்கு. மிஞ்சிய கஞ்சியை என் தலையில் கெட்டியாகப் பூசி, பாவுக்குப் போடும் அதே பிரஷால் கீழே இழுத்துவிட்டு, வெயிலில் உட்காரவைத்தார். பள்ளிக்கூடம் போவதற்குள் தலை காய்ந்து, தட்டினால் சத்தம் கேட்டது. பக்கத்து பெஞ்சுக்காரி விடுவாளா?

“இன்னாடி, தலை மேல அப்பளம் காயவெச்சிகினு வந்துகீறே?”

அன்றைக்கு முழுக்க நோட்டில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் நைனா ஒரு கற்றையை நூலைப் பார்ப்பதுபோல இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். “நூலு விறைக்கணும், முடி விறைக்கக் கூடாது. மாத்திப் பண்ணிட்டேன் கண்ணு” என்றார். எங்கள் தெருவில் தப்பை ஒத்துக்கொண்ட முதல் ஆம்பளை அவராகத்தான் இருக்கும்.

மறுநாளிலிருந்து முறையை மாற்றினார். கஞ்சித் தண்ணீரை ஒரு ராத்திரி புளிக்கவைத்து, நீர்க்கக் கலக்கி, நாலு சொட்டு விளக்கெண்ணெய். தலை ஈரமாக இருக்கும்போதே பூசினார். முடியைப் பன்னிரண்டு பாகமாகப் பிரித்து நூல் துண்டால் கட்டினார். அம்மா உச்சியிலிருந்து சீப்பை இழுப்பாள், பாதி முடி சீப்போடு போய்விடும். நைனா சீப்பையே தொடவில்லை. நுனியில் ஆரம்பித்து, விரலாலேயே ஒவ்வொரு சிக்காக எடுத்து மேலே வந்தார். கடைசியாகப் பின்கழுத்துக்கு மேலே ஒரு முரட்டுச் சிக்கு. “தலையைக் குனி, முடிஞ்சிடுச்சி” என்பார்.

நாலாம் நாள் குளிக்கிற இடத்தில் ஒரு கிண்ணம் இருந்தது. வெந்தயமும் செம்பருத்தி இலையும் வழவழவென்று அரைத்து வைத்திருந்தது. யார் அரைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

கிருத்திகை அன்று காலை கண்ணாடியைப் பார்த்தேன். ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக, எண்ணெய் பூசினாற்போல மினுமினுவென்று தோள் வரை தொங்கியது. என் தலைதானா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஆனாலும் மொட்டை வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லையே. காவடிக் கூட்டத்துக்கு நடுவில் நைனாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். மொட்டை போடும் இடத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். முடியெடுப்பவர் தண்ணீர் தொட்ட கையை என் உச்சியில் வைத்தார்.

“மொட்டை வாணாம்பா. பூமுடி போதும்” என்றாள் அம்மா.

பூமுடி என்றால் மூன்றே மூன்று கற்றை. அவர் ஒன்றை இழுத்துப் பிடித்து வெட்டினார். கையில் இருந்த முடி துள்ளிச் சுருண்டுகொண்டது. இன்னாம்மா இது என்று அவர் சிரிக்க, அம்மா சொன்னாள்: “ஆங், அது அவ நைனா நெய்ஞ்சது.”

இந்த வாரம் ஒரு காலேஜ் பெண் வந்து அந்த கிரீமை வாங்கினாள். இதையெல்லாம் அவளிடம் கொட்டிவிட வேண்டும்போல இருந்தது. ஈரத்தோடு போடு, சீப்பு வேண்டாம், நுனியிலிருந்து பிரி என்று மட்டும் சொன்னேன். அவள் என் கொண்டையிலிருந்து நழுவிய சுருளைப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, உங்களுதும் சுருட்டையா?” என்றாள். ஆங் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

நானும் ஒரு டப்பா வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை குளித்து, ஈரத்தோடு பூசினேன். என்ன அருமையான சாமான்! நைனாவுக்கு ஒரு காலைப் பொழுது பிடித்த வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கஞ்சி புளிக்கவேண்டாம், வெந்தயம் அரைக்கவேண்டாம். பாவு நீட்டிய தெருவில் இப்போது பைக்குகள் நிற்கின்றன, அம்மாவும் நைனாவும் மாலை போட்ட படத்தில் இருக்கிறார்கள். பின்கழுத்துக்கு மேலே அந்த ஒரு சிக்கு மட்டும், கண்ணுக்கும் எட்டாமல் விரலுக்கும் அகப்படாமல் இன்னும் இருக்கிறது. அதற்குக் கை போனதும், என்னை அறியாமல் தலையைக் குனிந்தேன்.