சாய்ந்த எல்லைக்குச் சாய்ந்த அளவு

இசைவாணி கிள்ளைக்காரி. சிதம்பரத்தில் சிவில் டிப்ளமா முடித்து, 2006-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலியமூர்த்தியின் ப்ளான் போடும் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் படம் வரையும் ஆட்டோகேட் வேலைக்குச் சேர்ந்தாள். படத்தின் மூலைக் கட்டத்தில் வரைந்தவர் பெயர் இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தப்பு வந்தால் யார் தலையை உருட்டுவது என்று தெரிய வேண்டுமல்லவா?

மூன்றாம் வருடம், சிதம்பரத்தை ஒட்டி வீடு கட்ட சுப்பராயலு ப்ளான் கேட்டு வந்தார். மனையின் கிழக்கு எல்லை சாய்வானது. அதை ஒட்டிய புறம்போக்குப் பாதையில்தான் காலனி சனங்கள் பஸ் ரோட்டுக்கு வருவார்கள். மனை சதுரமாக இல்லாவிட்டால் வம்சம் விளங்காது என்று ஒரு வாஸ்துக்காரன் சொல்லிவிட்டான். ஒரு வம்சம் விளங்க ஊரார் பாதையைத் தின்ன வேண்டும். அதற்குப் பெயர் சாஸ்திரம்!

இசைவாணி நேரில் போய் டேப் பிடித்தாள். சாய்ந்த எல்லை ஐம்பது அடி. அதற்கு அலைண்டு டைமென்ஷன் போட்டாள். எல்லைக்கோடு எப்படிச் சாய்கிறதோ அப்படியே சாய்ந்து நின்று உண்மை நீளத்தைச் சொல்லும் அளவு அது. லீனியர் போட்டால் சாய்வை விட்டுவிட்டு, வடக்கு தெற்குத் தூரம் நாற்பத்தெட்டை மட்டும் காட்டும்.

கலியமூர்த்தி திரையைப் பார்த்தார்.

"இந்தச் சாஞ்ச நம்பர எடுத்துடும்மா. கோட்ட நேரா இழுத்து லீனியர்ல நாப்பத்தெட்டு போடு."

"நேரா இழுத்தா பாதை காம்பவுண்டுக்குள்ள போயிடும் சார்."

"அவுங்களுக்குத்தான் சுடுகாட்டு வழி இருக்குல்ல?"

"நான் உயிரோட இருக்கறவங்களுக்கு வழி கேக்கறேன் சார்."

நாற்காலியில் இருந்த சுப்பராயலு நிமிர்ந்தார். "பொண்ணு எந்த ஊரு?"

"கிள்ளை."

"கிள்ளையில எந்தப் பக்கம்?"

"அதையும் ப்ளான்ல போடணுமா அய்யா? வடக்கு அம்புக்குறி பக்கத்துல எடம் இருக்கு."

கலியமூர்த்தி மேசையைத் தட்டினார். "மாத்துறியா, வீட்டுக்குப் போறியா?"

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.  ஆனாலும் எதையும் மாற்றாமல் அந்தப் படத்தையே இரண்டு பிரிண்ட் எடுத்தாள்.

"என் பேரு போட்ட படத்துல பொய் இருக்காது சார்."

ஒன்றை மேசைமேல் வைத்தாள். இன்னொன்றோடு வேலையை விட்டு இறங்கி, சிதம்பரம் பஸ் ஏறினாள். காலனியில் சின்னம்மாள் என்ற பெண் அதை விரித்துப் பார்த்து, எது பாதை, எது மனை என்று விரல் வைத்துக் கேட்டுக்கொண்டாள்.

காம்பவுண்டுச் சுவருக்குக் கடக்கால் தோண்ட ஆள் வந்த அன்று பாதை நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இசைவாணி.

"எங்க மேலயே தோண்டுங்க அய்யா," என்றாள் சின்னம்மாள். "வாஸ்து இன்னும் ஜாஸ்தியா விளங்கும்."

கூலியாட்களே சிரித்துவிட்டார்கள். சுப்பராயலு கத்திப் பார்த்தார், ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. சுவர் எல்லையோடு சாய்ந்தே எழுந்தது.

திமிர் பிடித்தவள் என்று கடலூர் முழுக்கப் பேச்சு. ஒருவரும் வேலை தரவில்லை. இரண்டு வருடம் டைப்பிங் கடையில் கிடந்துவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றோடு தானே கடை போட்டாள்.

"வாஸ்து பாத்துப் போடுவியாம்மா?" என்றார் முதலில் வந்தவர்.

"காத்து, வெளிச்சம் பாத்துப் போடுவேன். அடுத்தவங்க எடத்துல ஒரு அடி போட மாட்டேன். சரின்னா உக்காருங்க. இல்லன்னா மஞ்சக்குப்பம் பஸ்சு வெளியில நிக்குது."

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.