அக்கா சொல்லாமல் விட்ட சாட்சிகள்

பாதியாக வெட்டிய ஒரு முட்டைகோஸைக் கேன்டீன் அக்கா ஆராதனைக்குக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. அம்பத்தூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு மாடிக் கூடத்தில் கூடுகிறது எங்கள் சபை. பாடல்கள் முடிந்ததும், பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி சொல்ல நேரம் கொடுப்போம். கடவுள் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். அன்றைக்கு விசா கிடைத்தவர் ஒருவரும், ஸ்கேனில் கட்டி ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டவர் ஒருவரும் சொல்லி முடித்த பிறகு, பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். பையிலிருந்து கோஸை எடுத்து, வெட்டிய பக்கம் எங்களுக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"டெய்லி இருவது கோஸு நறுக்கறேன். நேத்துதான் பாத்தேன். எப்டி மடிச்சு வெச்சிக்கீறாரு பாருங்க, ஒரு எல கூட கசங்கல. இத்தினி வருசமா கத்தியத்தான் பாத்துகினு இருந்திருக்கேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இளைஞர்கள் வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போது நான் சபையின் செயலாளர். எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு.

அக்கா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் சமையல் செய்தார். அதனால்தான் சபையில் எல்லாருக்கும் அவர் கேன்டீன் அக்கா. அவருடைய சாட்சிகள் எப்போதும் இந்த மாதிரிதான். ஒரு வாரம், ஆறிய கஞ்சியின் மேல் படிகிற ஏடு. இன்னொரு வாரம், பஸ்ஸில் தாயின் தோளில் தூங்கிய ஒரு குழந்தையின் காது; அதற்குப் பின்னால் வெயில் பட்டதும் காது முழுக்கச் சிவப்பாகத் தெரிந்ததாம். அதை விவரிக்கத் தெரியாமல், "செவப்புன்னா செவப்பு, இந்தச் செவப்பு இல்ல" என்று தன் புடவை முந்தானையைக் காட்டினார்.

அந்த வருடங்களில் சபையைச் சுற்றிப் புது அடுக்குமாடி வீடுகள் வந்துகொண்டிருந்தன. கணினி நிறுவனங்களில் வேலை செய்கிறவர்கள் குடும்பமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். கோஸ் வந்த அன்று அப்படி ஒரு தம்பதி, ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்ததை நான் கவனித்தேன். ஆராதனை முடிந்ததும், செருப்பு விடும் இடத்தில் அக்காவை நிறுத்தினேன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சாட்சின்னா கடவுள் நம்ம வாழ்க்கையில செஞ்ச பெரிய காரியத்தச் சொல்றது. கோஸு, கஞ்சின்னு சொன்னா புதுசா வர்றவங்க சிரிக்கறாங்க."

அக்கா பையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். "பெரிய காரியம்லாம் எனுக்கு ஒன்னியும் நடக்கலியே, தம்பி" என்றார்.

"நடக்கும்போது சொல்லுங்க" என்றேன். மென்மையாகத்தான் சொன்னேன். ஒரு சங்கடமான வேலையை நல்லபடியாக முடித்த திருப்திகூட எனக்கு இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா சாட்சி சொல்ல எழவே இல்லை. ஆராதனை சரியான நேரத்தில் முடிந்தது.

அக்காவின் கணவர் பக்கவாதத்தில் விழுந்து, கையும் காலும் பேச்சும் போய்ப் பல வருடங்களாகப் படுக்கையில் இருந்தார். அது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆரம்பத்தில் வாராவாரம் அவருக்காக ஜெபித்தோம். அவர் எழுந்து உட்காரவில்லை. ஜெபக் குறிப்புகளைப் புதிதாகத் தட்டச்சு செய்தபோது ஒருமுறை அந்தப் பெயர் விடுபட்டது. விட்டவன் நான். மறதியாகவா, சலித்துப்போயா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. செருப்பு விடும் இடத்தில் நடந்த அந்தப் பேச்சுக்கு ஒரு வருடம் கழித்து அவர் இறந்துபோனார். போனோம், பாடினோம், மண் போட்டுவிட்டு வந்தோம். அக்கா வேலையை விட்டுவிட்டுத் திருவேற்காட்டில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சொல்லலாம் என்று அறிவித்துவிட்டு நின்றேன். யாரும் எழவில்லை. சரி, நாமே ஏதாவது சொல்வோம் என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. பல வருடங்களாகக் கடவுளைத் துதித்துப் பாடியிருக்கிறேன், உபவாசம் இருந்திருக்கிறேன், ஆனால் அவர் செய்த ஒன்றைப் பார்த்து வாயடைத்து நின்றதாக ஒரு நாளைக்கூட என்னால் நினைவுபடுத்த முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை திருவேற்காட்டுக்குப் போனேன்.

அக்கா இளைத்திருந்தார். டீ கொடுத்தார். அன்று அப்படிச் சொன்னது தவறு என்று மன்னிப்புக் கேட்டேன். ஒரு ஞாயிறாவது வந்து பழையபடி சாட்சி சொல்ல வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் இப்ப வர்றதில்ல தம்பி" என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"அவரு படுத்துகினே இருந்தாரா, நான் காலைல போனா சாயந்தரம்தான் வருவேன். வந்தா என் மூஞ்சியே பாத்துகினு இருப்பாரு. இன்னிக்கு இன்னா பாத்தேன்னு ஏதாச்சும் சொல்லணும்ல? அதுக்கோசரம்தான் பாக்க ஆரம்பிச்சேன். சொல்லச் சொல்ல அவரு கண்ணு பெருசாவும். ஆண்டவரு இவுருக்குன்னு என்கிட்ட காட்டி உடறாருன்னு நெனச்சிப்பேன். ஞாயித்துக்கெழம உங்ககிட்டல்லாம் சொன்னது அதுல மீந்ததுதான்."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீ சொன்னப்புறம் கூச்சமா பூடுச்சு. இன்னாடா இது, கொயந்த மாரி பேசிகினு கீறோமேன்னு. அவருகிட்டயும் சொல்றத உட்டுட்டேன். வந்தவொடனே டிவியப் போட்டு உட்ருவேன். கடைசி ஒரு வருசம் அப்டியே பூட்டுது." அவர் குரலில் கோபம் இல்லை. "சொல்லாத உட்டா, பாக்கறதும் நின்னு பூடுது தம்பி."

ஒரு மனிதனால் உதட்டை அசைக்க முடியவில்லை. அவனுடைய ஆராதனை, சாயங்காலம் வீட்டுக்கு வரும் மனைவியின் வாயிலிருந்து நடந்துகொண்டிருந்தது. அதைத்தான் நான் புதிதாக வருகிறவர்கள் சிரிக்கிறார்கள் என்று நிறுத்தியிருக்கிறேன். பெரிய காரியம் நடக்கும்போது சொல்லுங்கள் என்றேனே, அது அந்த வீட்டில் தினமும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இதை மன்னிக்கும்படி கடவுளிடம் கேட்டுவிட்டேன். அக்காவின் கணவரிடம் கேட்க முடியாது. அவர் மண்ணுக்குள் இருக்கிறார்.

இப்போது மாதம் ஒருமுறை அக்காவைப் பார்க்கப் போகிறேன். போகும்போது, நான் பார்த்த ஒன்றையாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே விதித்திருக்கிறேன். எனக்கு அது சரியாக வருவதில்லை. பிரசங்கம் மாதிரி ஆகிவிடுகிறது. அக்கா மரியாதைக்குத் தலையாட்டுவார். பேச்சு மகளின் வேலை, பேரனின் பள்ளிக்கூடம் என்று திரும்பிவிடும்.

போன மாதம், வேலைக்குப் போகிற வழியில் ரயில் நிலையத்துச் சுவர் விரிசலில் ஒரு செடி முளைத்துப் பூத்திருந்ததைச் சொன்னேன். மண்ணே இல்லாத இடத்தில் கடவுள் அதை வாழவைத்திருக்கிறார் என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். இத்தனை மாதங்களில் அவர் என்னைத் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பூ இன்னா கலரு?"

வெள்ளை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அக்காவிடம் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது என்ற நினைப்பிலேயே ரயில் ஏறியிருந்தேன். பூவை நான் பார்க்கவில்லை.