ராகு காலத்தில் ராட்டினம்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே போகும்போது, என்ன இந்த அம்மா இப்படி எரிந்து விழுகிறாள் என்று கேட்கக் கூடாது பாருங்கள். என் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம்.

பெரியவளுக்கு அப்போது பதினொரு வயது. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. முழங்கால் வரைக்கும் இரும்புக் கம்பி வைத்த சப்பாத்து போட்டுத்தான் நடப்பாள். வார்களை அவிழ்த்து அதைக் கழற்றி மறுபடி மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அடுத்தவன் எட்டு வயதுப் பையன். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. கடைக்குட்டிக்கு ஐந்து வயது. அவளுக்கோ காது தேவைக்கு மேல் கேட்டது. பட்டாசு, மேளம் எல்லாம் இருக்கட்டும், அடுத்த வீட்டில் தகரத் தட்டு கீழே விழுந்தாலே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வீறிடுவாள். டாக்டர்கள் அதற்கு ஒரு பெயரும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார்தான் பிடிவாதம் என்று பெயர் வைத்தார்கள்.

நாங்கள் இருந்தது மலாக்காவில், காஜா பெராங்கில். மலாய்க்காரர் வீடானாலும், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் செட்டிகள் வீடானாலும் நம்மவர் வீடானாலும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கோயிலுக்குச் சொல்லவே வேண்டாம். பெரியவளால் அந்தச் சப்பாத்தைக் கழற்றவும் முடியாது, அதோடு உள்ளே வரவும் முடியாது. ஆரம்பத்தில் கழற்றி மாட்டத்தான் செய்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் வரிசை நிற்கும், யாராவது உச்சுக்கொட்டுவார்கள். அவளுக்கு ஏழு வயது இருக்கும். ஒருநாள் கோயில் வாசலில், "நான் செருப்பப் பாத்துக்கிறேம்மா, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது. கல்யாண வீட்டிலும் பெருநாள் விருந்திலும் அதேதான். கிளேபாங் கடற்கரையில்கூட, மணலில் இரும்பு புதையும் என்று மர நிழலில் எங்கள் செருப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானும்தான் பழகிப்போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சுதந்திரம் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தெருக்களில் கட்டிய சின்னக் கொடிகளை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. அப்போதுதான் கடலோரத் திடலில் ராட்டினங்கள் வந்து இறங்கின. லாரி லாரியாக இரும்பைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒரு வாரத்தில் அங்கே ஓர் ஊரே எழும்பி நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேறு பேச்சே பேசவில்லை. பெரியவளும் வீட்டுக்கு வந்து அதைப் பற்றிச் சொன்னாள். "தம்பிக்கு ரொம்பப் பிடிக்கும்மா" என்றாள். எனக்குப் பிடிக்கும் என்று சொல்லவில்லை.

இந்தத் தடவை மூன்றும் சேர்ந்து போக வேண்டும், மூன்றும் சேர்ந்து சிரிக்க வேண்டும், இவள் செருப்புக்குக் காவல் இருக்கக் கூடாது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தால் முகம் சுருங்கிவிடும் ரகம். "மூணையும் ஒண்ணா எப்படிலா கூட்டிட்டுப் போறது? ஒருத்தனுக்கு ஒத்துக்கிறது இன்னொருத்திக்கு ஒத்துக்காதே. பையன பத்து பெரெண்டாம் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஏரோப்ளேன் காட்டுறேன். பொண்ணுங்கள பிறகு பாத்துக்கலாம்" என்றார்.

"உங்க 'பிறகு' எனக்குத் தெரியாதா? பெரியவளுக்குப் பதினோரு வயசு ஆச்சு. இன்னும் அந்தப் பிறகு வரல" என்றேன். அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை, மார்க்கெட் கூடையும் கையுமாக நானே திடலுக்குப் போனேன். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவள் மாதிரி ஒன்று விடாமல் பார்த்தேன். இயந்திரங்கள் ஓடவில்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. குதிரை ராட்டினத்தின் படியைக் குனிந்து சாணால் அளந்தேன். ஒன்றரைச் சாண். பெரியவளைத் தூக்கிவிட்டால் ஏறிவிடுவாள். குதிரைமேல் உட்கார அவளால் ஆகாது, ஆனால் இரண்டு குதிரைகளுக்கு நடுவே சாய்மானம் வைத்த பலகை ஒன்று இருந்தது. அவள் பலகையில், பையன் குதிரையில், சின்னவள் என் மடியில். சரி, இதுதான் என்று முடிவு கட்டினேன். பக்கத்தில் தென்னைக்கு மேலே நின்றது பெரிய ராட்டினம். அந்த எமனை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை.

பாக்கி இருந்தது கூட்டமும் சத்தமும்தான். கூட்டம் இல்லாத நேரம் எது? சாமி அறையில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தபோது பளிச்சென்று பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை, நாலரையிலிருந்து ஆறு. ராகு காலம்!

"ராகு காலத்துலயா? ஒனக்கென்ன பைத்தியமா?" என்று குதித்தார் கிராணியார்.

"அதுக்குத்தாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க வரமாட்டாங்க, கோயில்காரங்க வரமாட்டாங்க, ஒரு மனுசர் வரமாட்டாங்க. திடல் காலியா கிடக்கும். பாப்பா அழமாட்டா."

பேசிப் பேசிக் கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ராகு காலத்தில் போய்ச் சேரலாம், ஆனால் கிளம்பக் கூடாது. நாலேகாலுக்கே படி இறங்கி இரண்டு பெச்சா, அதான் சைக்கிள் ரிக்‌ஷா, பிடித்து ஏறினோம். கற்பூரம் வேறு ஏற்றி வைத்துவிட்டுத்தான் வந்தார்.

பெச்சா திடலின் பக்கம் திரும்பியது. எள் போட்டால் எள் விழாது, அவ்வளவு கூட்டம். சீனக் குடும்பங்கள், மலாய்க் குடும்பங்கள், தலையில் பூ வைத்த செட்டிப் பெண்கள், தொப்பி போட்ட யூரேசியக் கிழவர்கள். மலாக்காவே அங்கேதான் நின்றது. சீனருக்கு ஏது ராகு காலம்? மலாய்க்காரருக்கு ஏது? எட்டுத் தலைமுறையாக எல்லாரும் கலந்து கிடக்கிற ஊரில் இருந்துகொண்டு, உலகம் முழுக்க நம் நாள்காட்டியைப் பார்த்துத்தான் வெளியே கிளம்பும் என்று நான் எப்படித்தான் நினைத்தேனோ!

என் வீட்டுக்காரர் திடலை ஒரு சுற்றுப் பார்த்தார். "நீ சொன்னது சரிதான். நம்ம ஆளுங்க ஒருத்தரும் வரல" என்றார். அங்கேயே அவரைக் கடித்துக் குதறியிருப்பேன்.

அதற்குள் ஒலிபெருக்கி அலறத் தொடங்கியது. சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு என் புடவைக்குள் தலையை நுழைத்து வீறிட்டாள். குதிரை ராட்டினத்துக்கு நீண்ட வரிசை, அந்த ஒலிபெருக்கியும் அதன் தலைமேலேதான் கட்டியிருந்தது. நான் சாண் சாணாக அளந்தது அத்தனையும் வீண். பெரியவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எதற்குப் பயந்தேனோ அதையே சொன்னாள்.

"அம்மா, நான் பாப்பாவ வச்சிக்கிட்டு அந்த மரத்துக்கிட்ட உட்கார்றேன். நீங்க தம்பிய ஏத்துங்க."

"வாய மூடு!" என்று கத்திவிட்டேன். அவளிடமா கத்த வேண்டும்? கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கூட்டத்தில் மூக்கைச் சிந்த வெட்கமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பையன் என் கையை உதறிவிட்டு ஓடினான்.

துரத்திக்கொண்டு போனோம். பெரிய ராட்டினத்தின் அடியில் நின்றிருந்தான். அதன் இரும்புத் தூணில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டி வைத்திருந்தான். இயந்திரத்தின் அதிர்வு அவன் தோள் வரைக்கும் ஏறியிருக்க வேண்டும். வாய் பிளந்து நின்றான். எங்களைப் பார்த்ததும் அக்காவைக் காட்டினான், பாப்பாவைக் காட்டினான், பிறகு மேலே காட்டினான்.

ராட்டினத்தை ஓட்டியவர் பனியன் போட்ட ஒரு வயதான சீனர். ஒரு தொட்டியைத் தரையோடு தரையாக இறக்கி நிறுத்தினார். படி இல்லை, தாண்டவும் வேண்டாம், நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தால் போதும். உட்காருவதில் என் மகளை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? நான் அளக்காமல் விட்ட ஒரே ராட்டினம் இதுதான்.

"கசுட் புகா" என்றார் அவர். செருப்புகளைக் கழற்ற வேண்டுமாம். மேலேயிருந்து யார் தலையிலாவது விழும் அல்லவா? பெரியவளின் முகம் வாடிப்போனது. மறுபடியும் செருப்பு! அவர் குனிந்து அவள் சப்பாத்தின் வாரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "இனி தா ஜாத்தோ" என்று தலையாட்டினார். இது விழாது, போட்டுக்கொண்டே வரட்டும் என்று சொல்லிவிட்டார். செருப்பில்லாமல் நாங்கள் நிற்க, சப்பாத்தோடு அவள் நின்றாள்.

பிறகு விரல்களை நீட்டினார். "அம்பாட் ஓராங் சாஜா." நாலு பேர்தான். நாங்கள் ஐந்து பேர். சொல்லி முடிப்பதற்குள் பெரியவள் ஓரடி பின்னால் போய்விட்டாள். கீழே கிடந்த செருப்புகளின் பக்கம் குனியவும் குனிந்தாள்.

என் வீட்டுக்காரர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நீ ஏறு" என்றார். அந்தக் கஞ்சி போட்ட கால்சட்டையோடு புழுதியில் குனிந்து எங்கள் செருப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பெற்றவர்கள் காலைத் தவிர வேறு எவர் காலுக்குக் கீழேயும் அந்த மனிதர் குனிந்து நான் பார்த்ததில்லை.

தொட்டி கிளம்பியது. ஆத்தாடி! கம்பியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பாதி ஏறியிருப்போம், ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. சத்தம்தான் குறைந்தது. ஒலிபெருக்கி கால்களுக்குக் கீழே போய்விட்டது, கூட்டத்தின் இரைச்சல் கரைந்துவிட்டது. காற்று மட்டும்தான். கண்ணைத் திறந்தேன். சின்னவள் காதிலிருந்து ஒரு கையை எடுத்திருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தபோது மற்றதையும் எடுத்தாள்.

உச்சிக்குப் போனதும் நின்றது. கீழே யாரையோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா, நான் என்னத்தைச் சொல்ல! அத்தனை கடலை நான் கண்டதே இல்லை. சாய்ந்த வெயிலில் ஜலசந்தி முழுக்கப் பித்தளைத் தாம்பாளமாகப் பளபளத்தது. சின்னத் தீவு, கப்பல்கள், குன்றின்மேல் கூரையில்லாத பழைய தேவாலயம், வளைந்து வரும் ஆறு. அந்தப் பக்கம் திரும்பினால் எங்கள் காஜா பெராங் தென்னைகள். இவ்வளவு பெரிய ஊரிலா நான் அடுப்படியும் மார்க்கெட்டுமாக இருந்தேன்? மேனி சிலிர்த்துவிட்டது, கும்பிடத் தோன்றியது. பையன் இரும்புக் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரித்தான். குரல் வந்து, சத்தமாகச் சிரித்தான். சின்னவள் அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தவில்லை.

பெரியவள் மட்டும் கடலைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாளோ என்று அவள் கையைப் பிடித்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கீழ பாருங்கம்மா! அப்பா செருப்புக்குக் காவல் நிக்கிறாரு!"

அவள் எழும்பாத குறையாகக் கையை ஆட்டினாள். கீழே, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், அவர் அண்ணாந்து எங்களைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்ததும் பதிலுக்கு இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார், கையில் செருப்புகள் இருப்பதையே மறந்து.