திரையில் கடைசிப் பெயர்

அத்தாயி வளப்பூர் நாடு என்னும் மலைக்கிராமத்துக்காரி. மலையில் அவர்களுக்கு மிளகும் மரவள்ளியும் உள்ள கொஞ்சம் காடு உண்டு. வயிற்றுக்குப் போதும், மகள் ராதிகாவின் காலேஜுக்குப் போதாது என்று தெரிந்தபோது கணவன் குப்புசாமியோடு நாமக்கல்லுக்கு இறங்கினாள். அவன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குப் போனான். அவள் ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரியில் மரவள்ளிக் கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள்.

அங்கே மூட்டைதான் அளவு. பிறந்ததிலிருந்து கையில் புழங்கிய கிழங்கு என்பதால் கத்தி தானாக ஓடியது. தோலுரிக்கும் மிஷின் வந்ததும் பெண்களை அனுப்பிவிட்டார்கள். அடுத்து கோழிப் பண்ணை. அங்கே கோழிக்கும் அளவு உண்டு, முட்டை பொறுக்குகிறவளுக்கும் அளவு உண்டு. முட்டை குறைந்த கோழியைக் கறிக்கு ஏற்றிவிடுவார்கள். பிறகு முட்டைகள் பெல்ட்டில் தாமாகவே உருண்டு வந்தன. அத்தாயி மூன்றாவதாகப் பனியன் கம்பெனிக்குப் போனாள்.

அவள் லைனில் ஏழு பேர். எல்லோரும் மலைக்காரிகள், எல்லோருக்கும் ஒரே வேலை: குழந்தைச் சட்டைக்குப் பக்கவாட்டுத் தையல். சட்டைகள் கட்டுக்கட்டாக வரும். ஒரு கட்டு முடிந்தால் மிஷினில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் திரையில் பெயருக்கு நேரே எண் ஏறும். மாதக் கடைசியில் லைனில் யார் பெயர் அடியில் நிற்கிறதோ அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது புதிதாக வந்த உத்தரவு.

மாதம் பாதி போனபோது அடியில் நின்றது கண்ணாயியின் பெயர். குப்புசாமியின் தங்கை, புருஷன் இல்லாதவள், அத்தாயியின் பேச்சை நம்பி மலையிலிருந்து இறங்கியவள். ஆட்காட்டி விரலில் ஊசி இறங்கி, புண் ஆறிய பிறகும் அந்த விரல் மடங்கவில்லை.

"ஏனுங்க நங்கையா, பண்ணையில கோழிய ஏத்துன மாதிரி என்னையும் வண்டியில ஏத்திருவாங்களா?" என்று கண்ணாயி மதியச் சோற்றைப் பிசைந்துகொண்டே அண்ணியிடம் கேட்டாள்.

"உன்னையக் கறிக்குப் போட்டா எலும்புதான் தேறும். பேசாமத் தின்னு," என்றாள் அத்தாயி.

சிரித்தார்கள். அத்தாயி மட்டும் பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினாள்.

மலையில் சாமைக் காட்டுக்குக் களையெடுக்கப் போனால் எல்லோரும் ஒரே வரிசையாக நிற்பார்கள். இன்று ஒருத்தி காடு, நாளைக்கு இன்னொருத்தி காடு. கை வேகமுள்ளவள் தன் பங்கை முடித்துவிட்டு வரப்பில் போய் உட்கார மாட்டாள். திரும்பி நின்று, பின்தங்கியவளின் பங்கை எதிரிலிருந்து எடுத்துக்கொண்டு வருவாள். வரப்பில் ஏறினால் எல்லோரும் சேர்ந்துதான் ஏறுவார்கள். யார் மெதுவான ஆள் என்று காட்டுக்காரிக்கே தெரியாது.

"இங்கயும் அப்படியே பண்ணலாமே," என்றாள் அத்தாயி. "முடிச்ச கட்டுல ஒண்ண அவ மேசைக்குத் தள்ளுங்க, பொத்தான அவ அமுக்கட்டும். எல்லாரும் ஒண்ணா நின்னா கடைசின்னு யாரச் சொல்லுவாங்க?"

அருணாதான் அவர்களில் வேகமானவள்; கண்ணாயியைப் பார்த்து அவளும் அத்தாயியை நங்கையா என்றே கூப்பிடுவாள். "சரி நங்கையா, கண்ணாயி பங்குக்கு நான் தைக்கறேன். எம் பங்குக்கு அவ பேசட்டும், வாய்தான் நல்லா ஓடுதே," என்றாள்.

அந்த மாதக் கடைசியில் திரையில் ஏழு பேருக்கும் ஒரே எண் நின்றது. கண்ணாயி தப்பினாள். சூப்பர்வைசர் தேவராஜ் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து திரையை வெகுநேரம் பார்த்தார். ஒருத்திகூடப் பின்தங்கவில்லை என்றால் வேலை அவ்வளவு சுலபம் என்று பொருள், டார்கெட்டை ஏற்றலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏற்றினார்கள். ஏழு பேரும் விடவில்லை. இன்னும் குனிந்து தைத்து, மறுபடியும் ஒன்றாக வந்து நின்றார்கள். மறுபடியும் ஏற்றினார்கள். இந்த முறை எல்லா லைனுக்கும் சேர்த்து.

கை கழுவும் இடத்தில் அடுத்த லைன் யமுனா வழியை மறித்தாள். "மலையில இருந்து எறங்கி வந்து எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்க. அப்படி என்னங்க அவசரம் உங்களுக்கு?"

சாமைக் காட்டுக்கு வரப்பு உண்டு. அங்கே போய்ச் சேர்ந்தால் அன்றைய வேலை தீர்ந்தது. இங்கே சேரச் சேர வரப்பை நகர்த்தி வைத்தார்கள். அது அத்தாயிக்கு இப்போதுதான் உறைத்தது.

அருணா தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். குடித்தால் எழுந்து போக வேண்டும், போனால் ஒரு கட்டு குறையும். நீர்க்கடுப்பில் தொடங்கி காய்ச்சலில் விழுந்தாள். மருந்து வாங்கிக்கொண்டு மூன்றாம் நாளே முகம் வெளிறி மிஷினுக்குத் திரும்பினாள். அன்று சாயங்காலம் கண்ணாயி அவர்கள் தங்கியிருந்த அறையில் துணியை மடித்துப் பையில் திணித்தாள்.

"எனக்கோசரம் அந்தப் புள்ள சாகோணுமா நங்கையா? நான் ஊட்டுக்குப் போறேன்."

"மேல போயி என்னடி பண்ணுவே?"

"கெழங்கு புடுங்கறேன்."

"வெரலு மடங்காம எப்புடிப் புடுங்குவே?"

"கெழங்குகிட்டச் சொல்லி நாயம் கேக்கறேன். அதாச்சும் டார்கெட்டு கேக்காது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. குப்புசாமி தங்கையை மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தான். அன்றிரவு அவன் அத்தாயிக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான். கூட்டி வந்தவள் அவள்தானே.

திங்கட்கிழமை அத்தாயி தேவராஜிடம் போனாள்.

"சார், ஆளு ஒண்ணு கொறஞ்சுபோச்சுங்க. டார்கெட்டையும் கொஞ்சம் எறக்கச் சொல்லுங்க. அருணாவுக்கு ஒடம்பு ஆகலீங்க."

தேவராஜ் கெட்டவன் இல்லை. ஆபீஸ் அறையில் அவன் பெயருக்கும் ஒரு திரை இருந்தது. "எப்படிங்கக்கா எறக்கச் சொல்றது? முடியும்னு நீங்கதானே செஞ்சு காட்டுனீங்க. இப்ப முடியாதுன்னா, வேணும்னே பண்றோம்னு சொல்லுவாங்க. போய் உக்காருங்க."

உட்கார்ந்தாள். மதியத்துக்குள் திரையில் எண்கள் பிரியத் தொடங்கின. அடியில் அருணாவின் பெயர் வந்தது. அதற்கு மேலே அத்தாயி. ஒரே ஒரு கட்டு வித்தியாசம்.

கையிலிருந்த கட்டில் கடைசிச் சட்டையை முடித்து நூலை அறுத்தாள். அருணா தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள், கழுத்து வியர்த்திருந்தது. கட்டைத் தள்ளினால் அருணா ஏறி வருவாள், அத்தாயியும் அவளோடு அடியில் நிற்பாள். எல்லோரும் சமமாக நின்றால் மறுபடியும் டார்கெட்டை ஏற்றுவார்கள் என்பதும் தெரியும். ராதிகாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருந்தது.

"என்னங்க நங்கையா?" என்றாள் அருணா, கை நிறுத்தாமல்.

"ஒண்ணுமில்ல கண்ணு, தை."

அத்தாயி தன் பொத்தானை அழுத்தினாள். அடுத்த கட்டைப் பிரித்து முதல் சட்டையை ஊசிக்கு அடியில் வைத்தாள்.