பட்டியலில் இல்லாத பெயர்

பெரியண்ணனை ஜெயில் வாசலில் போட்டதற்குக் காரணம் அவர் தொண்டை. உப்பிலியபுரத்தில் விவசாயக் குடும்பம். நாலு வயலுக்கு அப்பால் நிற்கிற ஆளை நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டுப் பழகியவர். வார்டர் வேலைக்கு வந்த ஐந்தாம் வருஷம், 1954இல், மனுப் போட்டுக் கைதியைப் பார்க்க வருகிற உறவுக்காரர்களுக்காக உள்ளே இருப்பவனைக் கூப்பிடும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு குரல் கொடுத்தால், மதிலுக்குள் தறிக்கொட்டகையில் நெய்கிறவன் தறியை நிறுத்திவிட்டு எழுந்திருப்பான். ஆபீஸ் ரைட்டர் ரசூல் அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார்.

அந்த நாளில் வேலை கூப்பிடுவதோடு முடியாது. வந்தவர்கள் ஏதாவது கேட்பார்கள். காய்ச்சல் விட்டுதா, அப்பீல் என்னாச்சு, எப்ப விடுவாங்க. தெரிந்ததைச் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

1959இல் வேறொரு வார்டர் விடுதலைத் தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டார். லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பமே மாலையோடு வந்து வாசலில் நின்றது. பத்திரிகையில் நாலு வரி வந்தது. அடுத்த வாரம் உத்தரவு போட்டார்கள். வாசல் ஊழியர் எவரும் வாய்மொழியாக எந்தத் தகவலும் சொல்லக் கூடாது. வாசலுக்கு இடது பக்கம் கண்ணாடி போட்ட பலகை வந்தது. அதற்குள் டைப் அடித்த தாள்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. கண்ணாடியைத் தடவிவிட்டுப் பெரியண்ணனைப் பார்த்தார்கள். அவர் பலகையைக் காட்டினார். வருஷ முடிவில், பொதுமக்களின் புகார்கள் அடியோடு நின்றுவிட்டன என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. அது உண்மைதான்.

வெள்ளையம்மாள் பச்சைமலைக்காரி. பங்காளிச் சண்டையில் ஒருவன் மண்டை உடைந்து செத்துப்போனதில், அவள் புருஷன் காத்தமுத்துவுக்கு ஏழு வருஷம் போட்டிருந்தார்கள். மாதம்தோறும் இரண்டாவது திங்கட்கிழமை வருவாள். முதல் நாளே மலை இறங்கி, உப்பிலியபுரத்தில் பஸ் ஏறி, தலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு வந்து நிற்பாள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் கொண்டுவருவாள். பாதியைப் பெரியண்ணனுக்குக் கொடுப்பாள்.

"உங்க ஊரு வழியாத்தான் வந்தேன், ஐயா. மழையே இல்ல" என்பாள்.

ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க கூப்பிட்டா தறி தானா நின்னுபோவுதாம். அவரு சொல்றாரு."

1961, ஆடி மாசக் கடைசி. காத்தமுத்து மூன்று நாள் வயிற்றுப்போக்கில் கிடந்து செத்தான். ஒரு நாள் வைத்திருந்து புதைத்தார்கள். பெரியண்ணன் வாசல் நோட்டில் எழுதினார்: காய்கறி வண்டி உள்ளே, சாண வண்டி வெளியே, பிரேதம் ஒன்று வெளியே. மனுப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்துவிடும்படி ஆபீஸிலிருந்து சீட்டு வந்தது. காரணம் எழுத அந்தச் சீட்டில் இடம் கிடையாது.

"வீட்டுக்குச் சொல்லியாச்சா பாய்?" என்று ரசூலைக் கேட்டார்.

"கிராம முன்சீப்புக்கு லெட்டர் அன்னைக்கே போயிருச்சு. நீ வாயை மூடிக்கிட்டு இரு, ரேடியோ. பென்ஷன் வேணுமா, வேணாமா?"

செத்த நாலாம் நாள் திங்கட்கிழமை. அவள் வந்தாள். கழுத்தில் பதினெட்டாம் பெருக்குக்கு மாற்றிய மஞ்சள் கயிறு சாயம் போகாமல் இருந்தது. பெரியண்ணன் குடியிருந்த ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபத்துப் படிகளில், பெருக்கன்றைக்கு எத்தனையோ பெண்கள் கயிறு மாற்றிக்கொண்டிருந்ததை பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தார்.

"கூப்பிடுங்க ஐயா."

அவர் பலகையைக் காட்டினார். சாவை அதில் போடுவதில்லை. அதற்குத் தபால்தான்.

"அது என்னாத்த சொல்லும்? நீங்க கூப்பிடுங்க."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார்.

"மாத்திட்டாங்கம்மா. வேலூருக்கு."

எங்கிருந்து அது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஊருக்குப் போனால் லெட்டர் இருக்கும், முன்சீப் படித்துச் சொல்வார், அழும்போது சுற்றி ஆள் இருக்கும் என்று பிறகு காரணம் தேடிக்கொண்டார். அவள் ஊருக்குப் போகவில்லை. கிழங்கு மூட்டையோடு அப்படியே வேலூருக்குப் போய்விட்டாள்.

இருபது நாள் கழித்து லெட்டர் திரும்பி வந்தது. ரசூல் அதை வாசலுக்கே கொண்டுவந்து காட்டினார். பின்பக்கம் முன்சீப் எழுதியிருந்தார்: 'மேற்படி வெள்ளையம்மாள் ஊரில் இல்லை. புருஷனைப் பார்க்க ஜெயிலுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை.'

"மறுபடி அனுப்புங்க பாய்."

"ஒரு சாவுக்கு ஒரு லெட்டர்தான். அனுப்பிச்சோம், ஆள் இல்ல. ஃபைலை மூடியாச்சு." ரசூல் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் இரண்டாவது திங்கட்கிழமை அவள் வந்தாள். மூட்டை இல்லை. காலில் கிழிந்த துணி சுற்றியிருந்தது.

"வேலூர்ல இல்லேங்கறாங்க. கடலூர்ல போய்ப் பாருன்னாங்க. அங்கயும் இல்ல. வழியில ரோட்டு வேலைக்கு மண்ணு சுமந்து சுமந்து வரேன், ஐயா. எங்கதான் வெச்சிருக்காங்க?"

பெரியண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தொண்டைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. வரிசை முழுக்கக் கேட்டது.

"காத்தமுத்து செத்துப்போயிட்டாரும்மா. ஆடியிலயே. வயித்துப்போக்கு. இங்கயே புதைச்சாச்சு."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"போன மாசம் வேலூருன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"இப்ப?"

காட்ட அவரிடம் காகிதம் இல்லை. இருந்திருந்தாலும் எழுத்து தெரியாதவளுக்கு அது இன்னொரு பலகை, அவ்வளவுதான்.

வரிசையில் ஒருத்தி, "மாசாமாசம் வந்து நிக்கறியேன்னு வெரட்டப் பாக்கறானுங்கடி. நம்பாதே" என்றாள்.

வெள்ளையம்மாள் கம்பியருகே வந்தாள். "ஒரே ஒரு தடவ கூப்பிடுங்க ஐயா. இல்லாட்டி இல்லேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

அது நியாயமாகத்தான் பட்டது. கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். வராததைப் பார்த்தால் நம்புவாள்.

"சின்னான் மகன் காத்தமுத்து!"

தறிச் சத்தம் நின்றது. ஒரு தறி அல்ல, எல்லாத் தறியும். அவனோடு நெய்தவர்கள் எல்லோருக்கும் அவன் செத்தது தெரியும். செத்தவனைக் கூப்பிட்ட குரலைக் கேட்டு நிறுத்தியிருந்தார்கள்.

வெள்ளையம்மாளின் முகம் மலர்ந்தது. "நிறுத்திட்டாரு" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, தலைமயிரை ஒதுக்கிக்கொண்டாள். வாசலுக்கு நேராக உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள்.

பட்டியலில் இல்லாத பெயரைக் கூப்பிட்டதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. 'கூப்பிட்டது உண்மை' என்று எழுதிக் கொடுத்தார். மற்றதை எழுதத் தாளில் இடம் இருந்தது. எழுதவில்லை. அவரைக் காவல் கோபுரத்துக்கு மாற்றினார்கள். அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை. 1967இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

மாதம்தோறும் இரண்டாவது திங்கட்கிழமை மேலிருந்து பார்ப்பார். அவள் மூட்டையோடு வந்து நிற்பாள். கீழே இருக்கிற புது ஆள் பலகையைக் காட்டுவான். அவள் அதைப் பார்க்கமாட்டாள். தறிகளுக்குக் காது கொடுத்து நிற்பாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் தறிகள் நிற்கும்.

அவள் உட்கார்ந்து மூட்டையை அவிழ்ப்பாள்.